வேட்டைக்குச் செல்லும் பெருமாள்: இயற்கையோடு இணக்கம் என்னும் கூற்றைப் பற்றிய ஒரு மதிப்பீடு

ஆண்டுதோறும் தை மாதத்தில், மாட்டுப் பொங்கலையொட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் தம் கோயிலை விட்டு வேட்டைக்குப் புறப்படுகிறார். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழையசீவரத்து மலைக்குச் சென்று, பின்னர்ப் பாலாற்றைக் கடந்து மறுகரையிலுள்ள திருமுக்கூடலை அடைகிறார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடமாதலின் அவ்வூருக்கு அப்பெயர் அமைந்தது. அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பழையசீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்களின் பெருமாள்களும் வந்துகூட, ஐந்து பெருமாள்களும் ஒருங்கே காட்சி தருவர். இவ்விழாவுக்குப் பார்வேட்டை என்பது பெயர். பரிவேட்டை என வழங்குவாரும் உளர். பெயரோ வேட்டை, ஆனால் அங்கு எவ்வுயிரும் வீழ்த்தப்படுவதில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் ஆற்றங்கரையில் திரண்டு, தெய்வத்தைக் கண்டு வீடு திரும்புகின்றனர்.

இவ்விழாவை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்து சமயம் மனிதனை இயற்கையோடு இணங்கி வாழச் செய்தது, கிறிஸ்தவமோ இயற்கையை அடக்கி ஆளக் கற்பித்தது என்னும் கூற்று, நம் இறையியற் கல்லூரிகளின் கருத்தரங்குகளிலும் மாணவரின் கட்டுரைகளிலும் சுற்றுச்சூழல் ஞாயிற்றின் அருளுரைகளிலும் அடிக்கடி ஒலிக்கிறது. கேட்பதற்கு அது தாழ்மையான அறிக்கைபோல் தோன்றும். நம்மை நாமே குற்றம் சாட்டிக்கொள்வதால் அதை ஐயுறவும் நமக்குத் தயக்கம் உண்டாகிறது. எனினும், அக்கூற்று உண்மைதானா என ஆராய்வது நம் கடன். உண்மையல்லாத புகழுரை அயலாருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1. இரு கூற்றுகளும் அவற்றின் பொதுப் பிழையும்

நமது முன்னோரிடையே இதற்கு நேர்மாறான பேச்சே வழங்கியது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தைக் கையில் ஏந்தி, பசுவையும் பாம்பையும் குரங்கையும் வணங்குவோர் படைத்தவரை விட்டுப் படைப்பைத் தொழுகின்றனர் என்று தெருமுனைப் பிரசங்கிகள் முழங்கினர். விலங்குகளிடத்துக் காட்டப்பெறும் மதிப்பை ஆராய்ந்து பார்க்க அவர்கள் முற்படவில்லை. அதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்கினர்.

இந்நிலை மாறியதற்கு முக்கியமான காரணம் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் 'சயன்ஸ்' என்னும் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை எனலாம். இன்றைய சூழலியல் நெருக்கடியின் வேர்கள் மேலைக் கிறிஸ்தவத்தின் மனித மையக் கொள்கையில் உள்ளன என அவர் வாதிட்டார். அவர் கிறிஸ்தவத்தை உதறிவிடச் சொல்லவில்லை. அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளரின் காவலராகக் கொள்ளலாம் என்றே கட்டுரையை முடித்தார். இந்து சமயத்தை அவர் ஆராயவும் இல்லை. ஆயினும், கிறிஸ்தவம் குற்றவாளியாயின் கீழைச் சமயங்கள் குற்றமற்றவை என்னும் முடிவைப் படித்தோர் பலர் தாமாகவே எடுத்துக்கொண்டனர்.

பழைய கூற்றும் புதிய கூற்றும் ஒன்றற்கொன்று எதிரானவை. ஆயினும் இரண்டும் செய்யும் பிழை ஒன்றே. பழைய பிரசங்கி நம் சமயத்தின் உயர்ந்த கொள்கையை அயலாரின் தாழ்ந்த நடைமுறையோடு ஒப்பிட்டார். புதிய கட்டுரையாளர் அயலாரின் உயர்ந்த கொள்கையை நம் தாழ்ந்த நடைமுறையோடு ஒப்பிடுகிறார். தராசின் தட்டுகள் இடம் மாறினவேயன்றித் தராசு சீர்செய்யப்படவில்லை. கொள்கையைக் கொள்கையோடும் நடைமுறையை நடைமுறையோடும் வைத்துப் பார்ப்பதே நேர்மையான முறை.

2. நூல்கள் ஒரே குரலில் பேசுவதில்லை

முதலில் கொள்கையைக் காண்போம். இந்து சிந்தனை என ஒன்றைச் சுட்டிக்காட்டி, அது காட்டு விலங்குகளைப் பற்றி இன்னது கூறுகிறது என்று அறுதியிட இயலுமா? மகாபாரதம் ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் இதற்கு எளிதில் விடை கிடையாது.

வன பருவத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. துவைதவனத்தில் தங்கியிருந்த பாண்டவர் நாள்தோறும் மான்களை வேட்டையாடி உண்டனர். ஒரு நாள் இரவு மான்கள் தருமனின் கனவில் தோன்றி, தம் இனத்தில் மிகச் சிலரே எஞ்சியிருப்பதாகவும், விதையளவாவது மிஞ்ச வேண்டுமெனவும், ஆகவே அவர் வேறு காட்டுக்குச் செல்ல வேண்டுமெனவும் வேண்டிக்கொண்டன. தருமன் விழித்தெழுந்து தம்பியரிடம் அதைக் கூறி, அக்காட்டை விட்டு அகன்றான். உலக இலக்கியத்தில் இதற்கு ஈடான பகுதிகள் மிகுதியாக இல்லை எனத் துணிந்து கூறலாம்.

ஆனால் அதே மாகாப்பியத்தின் ஆதி பருவத்தில் காண்டவ வனம் எரிக்கப்படுகிறது. அக்கினியின் பசியைத் தீர்க்கக் கண்ணனும் அருச்சுனனும் இருபுறமும் காவல் நின்று, தப்பி ஓடும் விலங்குகளையும் பறவைகளையும் தீயிலேயே வீழ்த்துகின்றனர். பிழைத்தவை மிகச் சில. தப்பிய மயனே பின்னர்ப் பாண்டவருக்கு மண்டபம் அமைத்துத் தருகிறான். காடு அழிவதும் மாளிகை எழுவதும் அங்கு அடுத்தடுத்த நிகழ்ச்சிகளாக வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. மானின் கனவுக்குச் செவிகொடுத்தவனும் காண்டவத்தை எரித்தவனும் உடன்பிறந்தவர் என்பதை மறந்துவிட்டு இணக்கத்தைப் பற்றிப் பேசுவது, நூலில் பாதியைக் கிழித்துவிட்டு வாசிப்பதற்கு ஒப்பாகும்.

தரும நூல்களிலும் இவ்விருமை உண்டு. மனுநூல் வேட்டையை அரசனுக்கு ஆசையால் விளையும் தீய பழக்கங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. பாண்டுவின் சாபமும் தசரதனின் துயரமும் வேட்டையில் தொடங்கியவையே. அர்த்தசாத்திரமோ எல்லா விலங்குகளும் விருந்தினராக வாழும் காடு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை விதிக்கிறது. அதற்குரிய காரணத்தையும் அது மறைக்கவில்லை: யானை அரசனின் படைக்கு வேண்டும்.

தமிழ்நாட்டில் கொல்லாமை வலிமை பெற்றதில் சமணரின் பங்கு பெரிது. காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில்கள் அதற்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன. அவர்களோடு வாதிட்டு வென்ற சைவமும் வைணவமும் அவர்களின் கொல்லாமையைப் பெரிதும் தமதாக்கிக்கொண்டன. அதே சைவம், காளத்தி மலையில் தான் வேட்டையாடிய விலங்கின் இறைச்சியைச் சுவைபார்த்துப் படைத்த கண்ணப்பரை நாயன்மாருள் ஒருவராக வைத்துப் போற்றுகிறது. கொல்லாமையை அறமாகக் கொண்ட மரபே வேடனின் அன்பை முதன்மையான அன்பாகவும் காட்டுகிறது. இம்முரணை நீக்கிவிட முயலாமல் தாங்கி நிற்பதே அம்மரபின் ஆழம் என நாம் கருதுகிறோம். எனவே, இந்து சிந்தனை இயற்கையோடு இணக்கமானது என ஒரே வரியில் புகழ்வோர் அதன் ஆழத்தைக் காணத் தவறுகின்றனர்.

3. பார்வேட்டை உணர்த்துவது யாது?

இனி நடைமுறைக்கு வருவோம். பார்வேட்டையைப் பற்றி இருவகையாகப் பேசலாம். இயற்கையோடு தெய்வம் கொள்ளும் உறவைக் கொண்டாடும் விழா என ஒருவர் கூறலாம். அரசர் பொழுதுபோக்காக நடத்திய வன்முறையின் எச்சம் என மற்றொருவர் கூறலாம். இவ்விரண்டும் போதா.

கோயிலில் தெய்வம் அரசனாகப் பேணப்பெறுகிறார். கோயில் என்னும் சொல்லே அரசனின் இல்லத்தைக் குறிப்பது. பள்ளியெழுச்சியும் உலாவும் கொலுவும் அரசனுக்கு உரியவை, அவ்வாறே வேட்டையும். அரசனுக்குரிய சிறப்புகளையெல்லாம் தெய்வத்துக்கு அளித்த மக்கள் வேட்டையையும் அளித்தனர். ஆனால் அளிக்கும்போது அதன் உட்பொருளை மாற்றிவிட்டனர். திருமலையில் பொங்கலுக்கு மறுநாள் நடைபெறும் பார்வேட்டையில் ஈட்டி எறியப்படுவது பொம்மை விலங்குகளின்மீது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் பள்ளிவேட்டையில் அரச குடும்பத்தின் தலைவர் அம்பெய்வது ஓர் இளநீர்க்காய்மீது. திருமுக்கூடலில் அதுவும் இல்லை. ஐந்து பெருமாள்களின் சந்திப்பே வேட்டையின் முடிவாகிறது.

வேட்டையின் வடிவம் காக்கப்பட்டு, கொலை கைவிடப்பட்டிருக்கிறது. இதை நாம் இணக்கம் எனக் கூறமாட்டோம். இணக்கம் என்றால் தொடக்கத்திலிருந்தே பகை இல்லை என்று பொருள்படும். இங்கோ பகை நினைவில் வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் வேட்டையாடியவர்கள் என்பதை விழாவின் பெயர் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை செய்கிறது. எங்கள் தெய்வம் கொல்லாமல் திரும்புகிறார் என்பதை விழாவின் செயல் அறிவிக்கிறது. அறிக்கையும் மனமாற்றமும் சேர்ந்த ஒரு செயல் என அதைக் காண்பது அவ்விழாவுக்கு அயலாராகிய நமக்கும் இயலும்.

எல்லா இடங்களிலும் இம்மாற்றம் முழுமை பெற்றுவிட்டது எனக் கூறுவதற்கில்லை. தென் மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் விழாவையொட்டி முயல்கள் உண்மையாகவே வேட்டையாடப்பட்டு வந்தன. சேலம் மாவட்டம் வாழப்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கலையொட்டி நரியைப் பிடித்து ஊரைச் சுற்றிவரச் செய்து விடுவிக்கும் வழக்கம் இருந்தது. வனத்துறையினர் இவற்றைத் தடுத்தும் தண்டம் விதித்தும் வருகின்றனர். விழா தானாகச் செய்யாத மாற்றத்தை அங்குச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு சமயத்தின் இயற்கைச் சிந்தனையை அளப்பதற்குரிய உரைகல் எதுவென நாம் கேட்டால், அது எதைப் பாடுகிறது என்பதன்று. அது எதைக் கைவிட்டிருக்கிறது, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்பவையே உரைகல். இவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டிய செய்திகள் காஞ்சி வட்டாரத்திலேயே உள்ளன.

4. கைவிடப்படாதவையும் விலை செலுத்துவோரும்

முதலாவது யானை. காஞ்சியிலுள்ள அட்டபுயகரக் கோயிலின் தலபுராணம், முதலையின் வாயில் சிக்கிக் கதறிய கசேந்திரனைத் திருமால் விடுவித்ததோடு அத்தலத்தை இணைக்கிறது. வரதராஜர் எழுந்தருளியுள்ள குன்றுக்கே அத்திகிரி, அதாவது யானைமலை, என்று பெயர். காலைக் கவ்விய பிடியிலிருந்து யானையை மீட்டது தெய்வத்தின் அருட்செயல் எனப் பாடும் மரபு, கோயில் வாசலில் யானையைக் காலில் சங்கிலியிட்டு நிறுத்துகிறது. யானை கூட்டமாக வாழும் காட்டு விலங்கு. நாளெல்லாம் நடந்து மேயும் இயல்புடையது. கற்றளத்தில் தனியே நின்று மக்களுக்கு ஆசி வழங்குவது அதன் வாழ்வாகாது. கோயில் யானைகளுக்கு ஓய்வளிக்க வேண்டுமென உணர்ந்து தமிழக அரசு 2003இல் முதுமலையில் புத்துணர்வு முகாமைத் தொடங்கியதே அவற்றின் அன்றாட வாழ்வு எத்தகையது என்பதற்குச் சான்று. 2023 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இனிக் கோயில்களோ தனியாரோ புதிதாக யானைகளைப் பெறலாகாது என்னும் கருத்தில் ஆணை பிறப்பித்தது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கிக் கொன்றது. அப்பாகன் அந்த யானையை வெறுத்தவர் எனக் கூறுவாரில்லை. அன்பு இருந்தும் சங்கிலி சங்கிலியாகவே இருக்கிறது.

இதை நாம் குத்திக்காட்டும் நோக்கோடு எழுதவில்லை. கசேந்திரனின் கதையை நன்கறிந்த வைணவ அன்பர் பலரே இக்கேள்வியை எழுப்புகின்றனர். பார்வேட்டையில் கொலையைக் கைவிட்ட மரபு யானையின் சங்கிலியையும் ஒரு நாள் கைவிடக்கூடும் என எதிர்பார்ப்பதற்கு அம்மரபே இடந்தருகிறது.

இரண்டாவது பட்டு. பட்டுப்புழு காட்டு விலங்கன்று. ஆயினும் இவ்வுரைகல்லுக்கு அது தப்ப முடியாது. காஞ்சி சங்கராசாரியாராக விளங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) புழுக்களைக் கொன்று எடுக்கும் பட்டை உடுத்த வேண்டாமென வற்புறுத்தி வந்தார். யானையும் மயிலும் அன்னமும் யாளியும் புடவைக் கரையில் பொன்னிழையில் உலவும் ஊரில், ஆயிரக்கணக்கான நெசவாளர் குடும்பங்கள் பட்டையே நம்பி வாழும் ஊரில், அவர் அதைக் கூறினார். அது அஞ்சாத கூற்று. ஆனால் அதை முழுமையாகக் கைக்கொண்டால் விலையைச் செலுத்துபவர் தறியில் உட்கார்ந்திருப்பவரே. உடுத்துபவருக்கு அது ஓர் உடை குறைவது. நெய்பவருக்கோ அடுப்பு அணைவது.

மூன்றாவது வேடர். கொல்லாமை அறமாக உயர்ந்தபோது கொல்பவன் சாதியில் தாழ்த்தப்பட்டான். இறைச்சி உண்ணாமை உயர்வின் அடையாளமாயிற்று. பயிரைக் காக்கும்பொருட்டு எலியையும் பாம்பையும் பிடித்துத் தந்த இருளர் ஊருக்குப் புறம்பே வைக்கப்பட்டனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் தேவையானவையே. ஆனால் தோலை அணிந்த சீமாட்டிகளுக்கும் தோலை ஏற்றுமதி செய்த வணிகருக்கும் அத்தடை ஒரு வணிகப் பொருளின் இழப்பு. இருளருக்கு அது பிழைப்பின் இழப்பு. அவர்களுள் ஒரு சாரார் 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டனர். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. பிடிக்கும் கலை காக்கப்பட்டது, கொலை கைவிடப்பட்டது. பார்வேட்டை தெய்வத்தின் பெயரால் செய்ததை இவர்கள் தம் கைகளால் செய்தனர். இந்தியச் சிந்தனையில் இயற்கையோடு இணக்கத்தைத் தேடுவோர் வேத உபநிடதங்களைப் புரட்டுவதோடு நின்றுவிடாமல், நம் வீட்டுப்புறத்தில் வாழும் இம்மக்களிடமும் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

5. அளந்து எழுதப்பட்ட இரக்கம்

மீண்டும் திருமுக்கூடலுக்கு வருவோம். அங்குள்ள கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நெடிய கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலைச் சார்ந்து நடைபெற்ற வேதக் கல்லூரியையும் மாணவர் விடுதியையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் பற்றி அது கூறுகிறது. மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் மூலிகை கொணர்வோருக்கும் நோயாளரைப் பேணும் பெண்டிருக்கும் இன்ன அளவு நெல் என்றும், ஆண்டுதோறும் இன்னின்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டுமென்றும் அது வரையறுக்கிறது. நோயாளரிடம் இரக்கம் காட்டுங்கள் என்று பொதுவாகக் கூறியிருந்தால் அக்கல்வெட்டு ஒரு வரியில் முடிந்திருக்கும். இரக்கத்தை அளந்து, பங்கிட்டு, இன்னார் பொறுப்பு எனக் கல்லில் வெட்டினர். ஆகையால்தான் அது நெடிதாயிற்று.

அதே திருமுக்கூடலுக்குத் தெற்கே இதே நெறி பறவைகளின் பொருட்டும் கையாளப்பட்டதைக் காண்கிறோம். வேடந்தாங்கல் என்னும் ஊரின் பெயரிலேயே வேடன் இருக்கிறான். அங்குள்ள ஏரியின் மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊரார் காத்து வந்தனர். அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளைக்காரப் படைவீரர் அங்குப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. சுட்டவரும் கிறிஸ்தவ நாட்டவர். தடுத்து எழுதிக் கொடுத்தவரும் கிறிஸ்தவ நாட்டவர். முறையிட்டவரோ இந்து உழவர். எந்தச் சமயம் இயற்கைக்கு இணக்கமானது என்னும் கேள்விக்கு வேடந்தாங்கலில் விடை காண முயல்வது வீண். அங்கு நமக்குக் கிடைப்பது வேறொரு விடை: பயன் கண்டவர் காத்தனர், காத்தவர் உரிமை கேட்டனர், கேட்ட உரிமை எழுத்தில் நின்றது.

அவ்வெழுத்தும் விழிப்பின்றி நில்லாது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அவ்வெல்லையைக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தது. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் அது கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இம்முயற்சிகளில் திருச்சபையின் குரல் எவ்வளவு கேட்டது என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

6. நமது திருமறையும் நமது கடனும்

ஆண்டுகொள்ளுதல் என்னும் சொல் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் இருப்பது உண்மை. அதை மறைத்து மழுப்ப வேண்டுவதில்லை. அது அரசனுக்குரிய வலிய சொல். ஆனால் அச்சொல்லை அடுத்து வரும் வசனங்களை நாம் பெரும்பாலும் வாசிக்காமல் விடுகிறோம். மனிதனுக்கு விதைதரும் பயிர்களும் கனிதரும் மரங்களும், விலங்குகளுக்குப் பசும்பூண்டுகளும் ஆகாரமாக அளிக்கப்படுகின்றன. ஆளுகை கொடுக்கப்பட்ட அதே நாளில் கொலை கொடுக்கப்படவில்லை. இறைச்சி உண்பதற்கான அனுமதி வெள்ளத்துக்குப் பின்னரே, ஒன்பதாம் அதிகாரத்தில், விலங்குகளுக்கு மனிதனைப் பற்றிய அச்சம் உண்டாகும் என்னும் துயரமான அறிவிப்போடு சேர்ந்து வருகிறது. அதே அதிகாரத்தில் தேவன் செய்யும் உடன்படிக்கையோ நோவாவோடு மட்டுமன்றிச் சகல உயிர்களோடும் செய்யப்படுகிறது. வேட்டைக்காரனாகிய நிம்ரோத் வருவது அதன் பின்னரே.

அரசப் பட்டம் உண்டு, கொலை இல்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்துக்கும் திருமுக்கூடலின் பார்வேட்டைக்கும் இடையே நாம் காணும் ஒற்றுமை இது. இரண்டும் ஒன்றே என நாம் கூறவில்லை. ஒன்று படைப்பைப் பற்றிய அறிக்கை. மற்றொன்று தெய்வ உலா. ஆனால் ஆளுகையையும் வேட்டையையும் பிரித்து எண்ணும் ஆற்றல் இரண்டிலும் உண்டு. நாம் அவ்வாற்றலை இழந்தோம். ஆளுகையைப் படித்தபோது நிம்ரோதின் வில்லையும் சேர்த்தே படித்தோம். புலிக்குத் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்த ஆட்சியின் காலத்தில் நம் திருச்சபைகள் வளர்ந்தன. அதைக் குறித்து நம் பிரசங்கபீடங்களிலிருந்து கண்டனம் எழுந்ததாக அறிய இயலவில்லை.

யோபுவின் நூலில், 38ஆம் அதிகாரம் முதலாகத் தேவன் பேசும்போது, மனிதனுக்கு யாதொரு பயனும் இல்லாத விலங்குகளையே பெரும்பாலும் நிரல்படுத்திக் காட்டுகிறார்: காட்டுக்கழுதை, வரையாடு, தீக்குருவி, இறுதியாக எவராலும் பிடிக்கப்படாத பெருவிலங்குகள். அவை மனிதனுக்காக அல்ல; தமக்காகவும் தம்மைப் படைத்தவருக்காகவும் வாழ்கின்றன. மாற்குவின் நற்செய்தியில் இயேசு வனாந்தரத்தில் காட்டு மிருகங்களின் நடுவில் இருந்தார் என ஒரு சிறு குறிப்பு வருகிறது. அவர் அவற்றை அடக்கினார் என்றோ வென்றார் என்றோ அங்கில்லை. உடனிருந்தார் என்பதே செய்தி. ஆளுகை எத்தகையது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

இக்கொள்கை நமக்கு இருப்பதால் நாம் பெருமைகொள்வதற்கு ஏதுமில்லை. மேலே வகுத்த உரைகல் நமக்கும் உரியது. நாம் எதைக் கைவிட்டிருக்கிறோம்? விலையை யார் செலுத்துகின்றனர்? வேடந்தாங்கல் ஏரிக்குப் பறவைகள் பெருந்திரளாக வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. அதன் நடுவில் நம் கிறிஸ்து பிறப்புப் பெருநாளும் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையும் வருகின்றன. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி ஊரார், பறவைகளை அச்சுறுத்தலாகாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் அதற்கு இறையியல் கட்டுரை எழுதவில்லை. பிள்ளைகளின் ஒரு நாள் மகிழ்ச்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கைவிட்டனர். ஏரிக்கரைகளையும் மலையடிவாரங்களையும் அடுத்துள்ள நம் சபைகளுள் எத்தனை, பட்டாசையும் ஒலிபெருக்கியையும் படைப்பின் பொருட்டுக் கைவிட்டுள்ளன? இதைச் சபைச் செயற்குழுவில் முன்வைக்கும் ஆயருக்கு எத்தகைய எதிர்ப்பு எழும் என்பதை நாம் அறிவோம். அவ்வெதிர்ப்புத்தான் நாம் செலுத்த வேண்டிய விலையின் தொடக்கம்.

இறையியல் மாணவருக்கு நாம் கூற விரும்புவது இதுவே. அயலாரின் சமயத்தை இகழவும் வேண்டா. ஆராயாமல் புகழவும் வேண்டா. மாட்டுப் பொங்கலன்று ஒரு முறை பாலாற்றங்கரைக்குச் சென்று நின்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி நீரற்று மணலாய்க் கிடக்கும் அவ்வாற்றையும், அம்மணலும் அள்ளப்பட்டு ஏற்பட்ட பள்ளங்களையும் பாருங்கள். அங்கு நீரருந்த வர வேண்டிய விலங்குகள் எங்குச் சென்றன எனக் கேளுங்கள். வேட்டைக்கென்று வந்து கொல்லாமல் திரும்பும் பெருமாளைச் சுமந்து செல்வோரின் முகங்களையும் காணுங்கள். அவர்களோடு சேர்ந்து பேசுவதற்கு நமக்குச் செய்தி உண்டு. மூன்று ஆறுகள் கூடும் அவ்விடத்தில், எந்த ஆறு தூயது என்னும் வாதத்தைவிட, ஆற்றில் நீர் ஓடச் செய்வது எவ்வாறு என்னும் கேள்வியே இன்று நம் இருசாரார்முன்னும் நிற்கிறது.